வாசலை உடைத்த இருவாச்சி

மழை ஓயவே ஓயாத ஒரு மலைக்காட்டில், உயரமான மரப்பொந்து ஒன்றில் இருவாச்சிப் பறவை ஒன்று இரண்டு முட்டைகளை இட்டு அடைகாத்து வந்தது. இருவாச்சிகளின் வழக்கம் தெரியுமா, பிள்ளைகளே? தாய்ப்பறவை பொந்துக்குள் புகுந்து, எச்சத்தையும் சேற்றையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளே இறகுகளையும் உதிர்த்துவிடும், பறக்க முடியாது. ஆண்பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியே ஊட்ட வேண்டும்.

அன்று காலையில் பழம் தேடிப் போன ஆண்பறவை வெகுநேரமாகியும் திரும்பவில்லை. வெளியே பேய்மழை, உள்ளே கும்மிருட்டு. தாய் இருவாச்சி பசியைக்கூடப் பொறுத்துக்கொண்டது. பேச்சுத்துணைக்கு ஒருவரும் இல்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை.

"யாராவது இருக்கிறீர்களா?" என்று குரல் கொடுத்தது.

கொடுக்கலாமா? கொடுத்துவிட்டதே!

கீழ்க்கிளையில் மழைக்கு ஒதுங்கியிருந்த மரநாய் காதை நிமிர்த்தியது. முட்டை என்றால் அதற்கு உயிர்.

"நான் இருக்கிறேன், தங்கச்சி. ஐயோ பாவம், தன்னந்தனியாகவா இருக்கிறாய்?"

"ஆமாம் அண்ணே. அவர் இன்னும் வரவில்லை. பயமாக இருக்கிறது."

"நான் இருக்கும்போது என்ன பயம்? மழை விடும்வரை பேசிக்கொண்டிருப்போம்."

அடடா, என்ன கனிவு! மரநாய் மேலே ஏறிவந்து ஊர்க்கதை பேசியது, குரங்குகளைக் கேலி செய்தது. தாய் இருவாச்சி சிரிக்கக்கூடச் செய்தது. திடீரென்று மரநாய் சலித்துக்கொண்டது.

"இந்த மழைச் சத்தத்தில் நீ பேசுவதே காதில் விழவில்லை. நான் கிளம்பட்டுமா?"

"ஐயோ, போய்விடாதீர்கள் அண்ணே!"

"அப்படியானால் வாசலைக் கொஞ்சம் தட்டிவிடேன்."

தாய் இருவாச்சி அலகால் ஓரத்தைக் கொத்தியது. காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இன்னும் கொஞ்சம், தங்கச்சி. முகம் பார்த்துப் பேசினால்தானே பேசிய மாதிரி இருக்கும்?"

மறுபடியும் கொத்தியது. பெரிய கட்டி ஒன்று பெயர்ந்து விழுந்தது.

"இப்போது தெரிகிறதா அண்ணே?"

மரநாய் வாசலை நெருங்கியது.

"அண்ணே?"

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கிட்டத்தில், மிகக் கிட்டத்தில். வாசல் திறந்தாயிற்று, இனி மரநாய்க்குப் பேச்சு எதற்கு?

நகம் நீண்ட கை ஒன்று உள்ளே பாய்ந்து துழாவியது. தாய் இருவாச்சி பொந்தின் ஓரத்தில் ஒடுங்கியது. பறக்க இறகில்லை, தப்ப வழியில்லை. ஒரு முட்டை நொறுங்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், தன் பெரிய அலகால் அந்தக் கையைக் கவ்வி நெரித்தது. மரநாய் அலறிக்கொண்டே கையை உருவி, ஈரக்கிளையில் வழுக்கிக் கீழே விழுந்து, நொண்டியபடி ஓடிப்போனது.

தாய் இருவாச்சி அழுதுகொண்டே வாசலை மறுபடி அடைத்தது. அதன்பிறகு அது யாரையும் கூப்பிடவில்லை.

மழை விட்டதும் ஆண்பறவை பழத்தோடு வந்து சேர்ந்தது.

"மழையில் மாட்டிக்கொண்டேன். தனியாக ரொம்பப் பயந்துவிட்டாயா?"

"தனியாக இருந்தவரை இரண்டு முட்டையும் பத்திரமாக இருந்தன," என்றது தாய் இருவாச்சி. "துணை வந்த பிறகுதான் ஒன்று போயிற்று."

நீதி: தனிமைக்குப் பயந்து அவசரமாகத் தேடிக்கொள்ளும் துணை, தனிமையைவிடப் பெரிய ஆபத்தாக முடியும்.