அழுங்கு உருண்டையான கதை

அந்தக் காலத்தில், மிருகங்களும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, அவற்றுக்கு ஒரு வித்தை தெரிந்திருந்தது. பயம் வந்தால் தலையை இழுத்து, காலை மடக்கி, வாலைச் செருகி, எல்லாப் பக்கமும் சமமான சின்னப் பெட்டியாகிவிடும். கரடிகூட உள்ளங்கையில் அடங்கும். சிரிக்காதீர்கள், அப்படித்தான் இருந்தது. பயம் தெளியும்வரை எதுவும் விரியாது.

மலையடிவாரத்தில் மாடத்தி என்று ஒருத்தி. இந்தப் பெட்டிகளைச் சேர்க்கிற பைத்தியம் அவளுக்கு. புதரில் பதுங்கியிருந்து 'ஓ'வென்று கத்துவாள். பயந்து மடிந்ததை எடுத்துவந்து சுவரோரம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவாள். இனத்துக்கு ஒன்று போதும், அது அவள் சட்டம். இரண்டாவது வந்தால் ஊர் ஊராகச் சுற்றும் வளையல்காரரிடம் கொடுத்துவிட்டு, தன்னிடம் இல்லாத ஒன்றை வாங்கிக்கொள்வாள்.

ஒருநாள் எறும்பு தின்னும், உடம்பெல்லாம் செதில் மூடிய அழுங்கின் குட்டியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். "எம்புள்ளைக்குத் தனியா இருக்கத் தெரியாதே!" என்று தாய் காடெல்லாம் அலைந்தது. கடைசியில், நாமும் பெட்டியாகிப் போனால் பக்கத்திலாவது இருக்கலாமே என்று மாடத்தி வரும் பாதையில் போய் மடிந்து கிடந்தது. பாவம், அவள் சட்டம் அதற்கு எங்கே தெரியும்!

அதை வீட்டுக்குக் கொண்டுவந்த மாடத்தி குட்டியையும் தாயையும் அடுக்கின் உச்சியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இது பெருசா லட்சணமா இருக்கு. சின்னதைத் தள்ளிவிட்டிருவோம்."

நாமே வந்து பிள்ளையைத் தொலைத்துவிட்டோமே என்று பதறியது தாய்.

அதற்குள் வாசலில் வளையல்காரர் குரல். "மாடத்தி, முயல் கொண்டாந்திருக்கேன். என்ன தர்ற?"

"ஒரு அழுங்கு இருக்குண்ணே, உள்ள வாங்க" என்று அவள் கதவைத் திறக்கப் போனாள்.

பயம் தெளியட்டும் என்று இனிக் காத்திருக்க முடியுமா? தாய் நடுங்க நடுங்க, எலும்பெல்லாம் நெறிபட, பயத்தோடேயே விரிந்தது. அதுவரை எந்த மிருகமும் செய்யாத காரியம். குட்டியை வயிற்றோடு அணைத்து மறுபடி மடிந்தது. உள்ளே பிள்ளை இருந்ததால் மூலைகள் சேரவில்லை. உருண்டையாகிவிட்டது.

உருண்டை அடுக்கில் நிற்குமா? உருண்டது. அடுக்கே சரிந்தது. பயத்தோடேயே விரியலாம் என்பது மற்ற மிருகங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. படபடவென்று விரிந்து, கண்ட திசையில் ஓடின.

"ஐயையோ, எல்லாம் போச்சே!" என்று அலறிய மாடத்தி, மிஞ்சிய உருண்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஒரு பக்கமும் வளையல்காரர் ஒரு பக்கமுமாக இழுத்தார்கள். செதிலில் கை கிழிந்தது. உருண்டை பிரியவில்லை.

"அடுக்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. இதை வச்சு நான் என்ன செய்ய!" என்று வாசலில் வீசினாள். அது சரிவில் உருண்டு காட்டுக்குள் போய் நின்றது.

உள்ளே குட்டி விரிந்தது. "அம்மா, எனக்குப் பயம் போயிருச்சு."

"எனக்குப் போகலை, கண்ணு" என்றது தாய்.

இன்றைக்கும் அந்தப் பயம் போகவில்லை. மற்ற மிருகங்கள் பயந்தால் ஓடுகின்றன. அழுங்கு மட்டும், ஒரு சருகு அசைந்தாலும், அன்று முதல் குட்டியை உள்ளே வைத்துச் சுருண்டுகொள்கிறது; யார் இழுத்தாலும் விடுவதில்லை.