கிழட்டு விமானத்தின் சரித்திரம்

குற்றாலிங்கம் விமானப்படையில் விமானியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மலையடிவாரத்து மடத்தில் வந்து சேர்ந்துகொண்டார். அங்கிருந்த சாமிக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் சாமியின் முன்னால் அவர் உட்கார்ந்ததில்லை.

ஒருநாள் சாமியிடம் வந்து நின்றார்.

“நான் ஓட்டிய குண்டுவீச்சு விமானத்தைப் பக்கத்து விமானத் தளத்தில் காட்சிக்கு நிறுத்தியிருக்கிறார்கள். அதன் சரித்திரத்தைப் பலகையில் வைக்க என்னை எழுதித் தரச் சொல்கிறார்கள். எப்படி எழுதுவதென்று பிடிபடவில்லை, சாமி.”

“எதில் சிக்கல்?”

“வெள்ளைக்காரன் கையில் இருந்தபோது பர்மா, சயாம் வரைக்கும் போய்க் குண்டு போட்டது. சண்டை முடிந்ததும், வேறு யாருக்கும் உதவக்கூடாதென்று அடித்து நொறுக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டான். நம்மவர்கள் ஒட்டுப்போட்டுப் பறக்க வைத்தார்கள். என் கைக்கு வந்தபோது வெள்ளத்தில் தவித்த ஜனங்களுக்கு அரிசி போட்டது. அழித்த விமானம் என்று எழுதுவதா, காத்த விமானம் என்று எழுதுவதா?”

சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டார். “வாருங்கள், பார்த்துவிட்டு வருவோம்.”

விமானம் வெயிலில் நின்றது. புதிதாக வர்ணம் அடித்திருந்தார்கள். அதைக் கண்டதும் குற்றாலிங்கத்தின் நடையே மாறிவிட்டது. தகட்டைத் தட்டிக் கொடுத்தார். காவலாளியிடம் சொல்லி, வயிற்றுப் பக்கம் இருந்த குண்டறையின் கதவைத் திறக்கச் செய்தார்.

“அப்போது குண்டு விழுந்ததும் இந்த வழிதான், பிறகு அரிசி விழுந்ததும் இந்த வழிதான். ஒரு வேடிக்கை கேளுங்கள், சாமி. பர்மா எல்லையோரத்தில் ஒரு ஊர். முன்பு சண்டையில் குண்டு விழுந்த ஊர். நாலு பக்கமும் தண்ணீர். பட்டினி கிடந்த ஜனங்கள் ஒரு மேட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். தாழப் பறந்து கதவைத் திறந்தேன். அவ்வளவுதான்! பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் வெள்ளத்துக்குள் ஓடினார்கள். பட்டிக்காட்டு ஜனங்கள், அரிசி என்று தெரியவில்லை.”

சிரித்தார். சாமி சிரிக்கவில்லை.

“ஓடியவர்கள் கரையேறினார்களா?”

குற்றாலிங்கம் யோசித்தார். இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

“தெரியாது. மூட்டைகளைத் தள்ளிவிட்டுத் திரும்பிவிட்டோம்.”

சாமி குனிந்து, திறந்த கதவுக்கு நேர் கீழே போய் நின்றார். அண்ணாந்து பார்த்தார்.

“நாங்கள் ஓடவில்லை” என்றார்.

“யார், சாமி?”

“மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து எங்களை ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனான், ரயில் பாதை போட. மீசை முளைக்காத வயது எனக்கு. பாலத்தில் கல் சுமந்துகொண்டிருந்தோம். இதைப் போல ஒன்று தாழ வந்தது. வெள்ளைக்காரன் வந்துவிட்டான், இனி நமக்குச் சோறு கிடைக்கும் என்றான் என் அண்ணன் முத்தையன். இடுப்பில் இருந்த கந்தலை அவிழ்த்து வீசிக் காட்டினான். கதவு திறந்தபோது கைதட்டினான்.”

குற்றாலிங்கம் தகட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“இந்த விமானமா, சாமி?”

“தெரியாது. விமானத்தின் எண்ணைப் படித்துச் சொல்ல அங்கே யாரும் மிஞ்சவில்லை. நான் ஆற்றில் விழுந்திருந்தேன்.”

குற்றாலிங்கம் சாமியின் பக்கத்தில் போய் நிற்க நினைத்தார். கதவின் விளிம்பு வரை போய் நின்றுவிட்டார். அந்தக் கதவுக்குக் கீழே அவர் ஒருநாளும் நின்றதில்லை.

அங்கிருந்தே கேட்டார்.

“பலகையில் நான் என்ன எழுதட்டும்?”

“அரிசி போட்டதை எழுதுங்கள்” என்றார் சாமி. “அவர்கள் ஏன் ஓடினார்கள் என்பதையும் எழுதுங்கள்.”