கட்டம் மட்டும்

முதலாளியின் மருமகனுக்கே பெண் பார்த்துவிட்டார்கள். நடந்த கூத்து அதுதான்.

கோவில்பட்டியில் கல்யாணத் தகவல் மையம் வைத்திருந்த சங்கரபாண்டியன் சாத்தூரில் கிளை திறந்தார். கம்ப்யூட்டரில் இருந்த கோவில்பட்டி ஃபைலைத் தன் கையாலேயே நகல் எடுத்து அங்கே அனுப்பினார். கல்யாணம் முடிந்தவர்களும், அவருடைய மருமகன் உட்பட, அதில் சேர்ந்து போனார்கள். சாத்தூரிலிருந்து முதல் போன் மருமகனுக்குப் போனது. மகள் அழுதாள். பழி டைப் அடிக்கிற பேச்சியம்மாள் மேல் விழுந்தது.

"சாத்தூர் ஃபைல் நம்ம ஃபைல் மாதிரியே இருக்கணும். ஆனா நம்ம ஆளு ஒருத்தன் இருக்கக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள முடியலன்னா நாளைக்கு வராத!" என்று அவளிடம் கத்தினார் சங்கரபாண்டியன்.

"சரிங்க அண்ணாச்சி. ஒரு சந்தேகம். பச்சைப்பிள்ளைக்கு ஜாதகம் எழுதணும். உங்க ஜாதகத்தைப் பார்த்து எதை வரையலாம்?"

"கட்டத்தை மட்டும் வரை. என் கிரகத்தையும் சேர்த்து எழுதுறவன் மடையன்!"

"அதைத்தான் நேத்து யாரோ செஞ்சிருக்காங்க அண்ணாச்சி."

வரன் பார்க்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அவள் புது ஃபைல் திறந்து, பழையதிலிருந்து 'அமைப்பு மட்டும்' என்று கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கினாள். பெயர், நட்சத்திரம், ராசி, வேலை என்ற தலைப்புகள் எல்லாம் அப்படியே வந்தன. ஆள் ஒருத்தரும் வரவில்லை.

சாயங்காலமே சாத்தூரில் முதல் வரன் பதிவானது. மறுநாளும் வேலைக்கு வந்தாள் பேச்சியம்மாள்.