நரியார் காட்டிய மனை

ஆற்றங்கரைக் காட்டில் சிங்காரம் என்ற நரியார் தம் குட்டிகளோடு வாழ்ந்துவந்தார். ஓடி வேட்டையாட அவருக்குச் சோம்பல். இரை தானாகக் காலடிக்கு வந்து சேர வேண்டும் என்று நினைக்கிற ரகம்.

கோடை முடியப்போகும் நேரம். குடியிருந்த வயல்வரப்பு உடைந்துபோனதால் ஒரு பெருச்சாளித் தம்பதி வீடு தேடி அந்தக் காட்டுக்கு வந்தார்கள். கணவன் உருண்டையன். மனைவி மண்வாரி, நிறைமாதக் கர்ப்பிணி.

நரியாருக்கு நாக்கில் நீர் ஊறியது. ஆனாலும் அடக்கிக்கொண்டார். இப்போது பிடித்தால் இரண்டுதான். குட்டிகள் பிறந்த பிறகு ஆற்றுவெள்ளம் வந்து வளைக்குள் புகுந்தால், குடும்பமே வெளியே ஓடி வரும். வாயைத் திறந்துகொண்டு வாசலில் நின்றால் போதும்!

"வாங்க மாப்பிள்ளை, வா தங்கச்சி" என்று உறவு கொண்டாடி, ஆற்றை ஒட்டிய பள்ளத்துக்கு அழைத்துப் போனார். குளிர்ந்த நிழல். வெண்ணெய் மாதிரி மண். உருண்டையன் ஒரு கை மண்ணை அள்ளியதும் சொக்கிப்போனான். வெள்ளம் வருமா என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தான். தன் தாத்தா காலத்திலிருந்தே இங்கே ஒரு சொட்டு ஏறியதில்லை என்று நரியார் அடித்துச் சொன்னார். அவ்வளவுதான், மனுஷன் வளை தோண்ட ஆரம்பித்துவிட்டான்.

மண்வாரி தோண்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள்.

எங்கு பார்த்தாலும் நீர்மருதும் நாவலும் நாணலும்தான். தண்ணீரில் நின்று பழகியவை எல்லாம் அங்கே இருந்தன. தண்ணீர் தேங்கினால் பிழைக்காத வேம்பில் பேருக்குக்கூட ஒரு கன்று இல்லை. மருதமரத்தின் வெளுத்த பட்டையில் அவள் தலைக்கு வெகு உயரத்தில் சேற்றுக்கறை ஒரு கோடாக ஓடியது. நாவல்மரத்தின் நடுத்தண்டில் காய்ந்த வேர்கள் தாடிபோல் தொங்கின. தரையில் இருக்க வேண்டிய வேருக்கு அந்த உயரத்தில் என்ன வேலை? அதற்கு மேலே ஒரு கிளைக்கவட்டில் பழைய வைக்கோல் சிக்கியிருந்தது. வெள்ளம் அவ்வளவு உயரம் ஏறுகிற இடம் என்று மண்வாரிக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. நரியாரிடம் வந்து பணிவாகச் சொன்னாள். "அண்ணே, எங்க சாதியில ஒரு வழக்கம் உண்டு. வீடு காட்டினவங்க, முதல் பெருமழையன்னிக்கு எங்களோட அந்த வீட்டுல தங்கணும்."

அப்படியொரு வழக்கத்தை உருண்டையன் தன் பிறவியில் கேட்டதில்லை. வாயைப் பிளந்துகொண்டு மனைவியைப் பார்த்தான்.

நரியார் கனைத்துக்கொண்டார். ஈரம் பட்டால் தமக்கு மூட்டுவலி வந்துவிடும் என்றார்.

"அப்ப உங்க குட்டிகளையாவது அனுப்பி வைங்க. நான் பத்திரமா பாத்துக்கறேன்."

"குட்டிகளையா? இந்தப் பள்ளத்துக்கா?" என்று நரியார் பதறிவிட்டார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, வீட்டில் வேலை கிடக்கிறது என்று நழுவினார்.

அவர் சற்றுத் தூரம் போனதும், "மச்சான் நல்லவருன்னு நினைச்சேனே" என்றான் உருண்டையன்.

"நல்லவர்தான். தன் குட்டிகளுக்கு. அவர் எந்தப் பக்கம் போறாருன்னு பாருங்க."

நரியார் மேட்டைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தார். மேட்டில் வேம்பு செழித்து நின்றது. அதன் அடியில் அவருடைய குகை. சற்றுத் தள்ளி, நரியின் மூக்கு நுழைய முடியாத சப்பாத்திக்கள்ளிப் புதர். பாதி தோண்டிய வளையை அப்படியே போட்டுவிட்டு, அன்றைக்கே இருவரும் சத்தமில்லாமல் அந்தப் புதருக்கடியில் குடியேறினார்கள். மண் கெட்டி. உருண்டையன் நகம் தேயத் தோண்டினான், மூச்சுக்கு மூச்சு முனகினான். குட்டிகள் அங்கேயே பிறந்தன.

மழை வந்தது. மேற்கே மலையில் கொட்டிய தண்ணீரெல்லாம் ஒருநாள் காலையில் ஆற்றில் இறங்கியது. நரியார் துள்ளிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடினார். வாசலில் தோண்டிய மண் குவிந்திருந்ததால் குடும்பம் உள்ளேதான் இருக்கிறது என்று நம்பிவிட்டார். கண்ணை வளையைவிட்டு எடுக்காமல் உட்கார்ந்தார். தண்ணீர் வளைக்குள் போனது. ஒருவரும் வெளியே வரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று காத்திருந்தவர், வயிறு நனைந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். பின்னாலும் ஆறு, முன்னாலும் ஆறு.

தத்தளித்தபடி, சாய்ந்திருந்த ஒரு மருதமரத்தில் தொற்றி ஏறினார். "காப்பாத்துங்க!" என்று அலறினார்.

மேட்டில் கள்ளிப்புதரிலிருந்து மண்வாரி எட்டிப் பார்த்தாள். அவள் மடியில் குட்டிகள் சூடாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

"பயப்படாதீங்க அண்ணே. அங்க ஒரு சொட்டு ஏறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வெள்ளம் வடிந்ததும் நரியார் கீழே இறங்கினார். மருதமரத்தில் பழைய கறைக்கு மேலே புதுக்கறை ஒன்று படிந்திருந்தது. அவருடைய வாலிலும் அதே கறை. அதன் பிறகு அந்தக் காட்டில் யாருக்கும் அவர் மனை காட்டவில்லை.

ஓரிடத்தைப் புகழ்கிறவர் பேச்சை நம்பும் முன், அந்த மண்ணில் என்ன முளைத்திருக்கிறது என்றும், அவர் தம் பிள்ளைகளை எங்கே படுக்கவைக்கிறார் என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.