கையை மறைத்த கடைக்குட்டி

கோழியும் பருவமும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட காலம் அது. அந்தக் காலத்தில் சீன தேசத்தில் சூரியனுக்கு இருபத்து நான்கு பிள்ளைகள். ஆண்டை ஆளுக்கு அரை மாதமாகப் பங்கு போட்டுக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக ஊருக்கு வந்து போவார்கள். கிளம்பும்போது அப்பா ஒவ்வொருவர் கையிலும் ஒரு சட்டித் தணல் கொடுப்பார். கோடைப் பிள்ளைகள் வெட்கமே இல்லாமல் சட்டி வழிய வழிய அள்ளிக்கொள்வார்கள். கடைசிப் பெண்ணின் முறை வரும்போது ஒரு பிடி தணல்தான் மிச்சமிருக்கும். அவள் அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எல்லோரும் அவளைக் கடைக்குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளுக்கு இருந்த குறை வேறு. அவள் கோழிக்குஞ்சைக் கண்ணால் கண்டதில்லை. குஞ்சுகள் வசந்தத்தில் பொரியும். வருஷக் கடைசியில் இவள் வந்து சேர்வதற்குள் அவை வளர்ந்து, கொண்டை முளைத்து, ஒன்றையொன்று கொத்திக்கொண்டு திரியும். கையில் வைத்தால் பஞ்சு மாதிரி இருக்கும் என்று அக்காமார்கள் சொல்லிச் சொல்லியே இவளை ஏங்க வைத்துவிட்டார்கள்.

ஒரு வருஷம் அவள் வந்தபோது, ஆற்றங்கரையில் யூலான் என்ற பெண்ணின் சமையலறையில் ஒரு கோழி அடையில் உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தில் எந்தக் கோழியும் அடையில் உட்காராது. யூலான் விறகு தேடிப் போயிருந்தாள். அடுப்பு அணைந்து கிடந்தது.

"வசந்தத்துல பொரிச்சத நரி கொண்டுபோயிருச்சு" என்றது கோழி. "அப்புறம் பொரிச்சதையும் அது விடல. எனக்கு மிஞ்சினது இந்த முட்டைங்கதான். என் உடம்புச் சூடு மட்டும் பத்தல தாயி. ஒவ்வொண்ணா ஆறிக்கிட்டே வருது."

கடைக்குட்டி தன் சட்டியைப் பார்த்தாள். முறை முடிந்து காலிச் சட்டியோடு வீட்டுக்குக் கிளம்பிய, சிறுகுளிர் என்று பெயர்கொண்ட அவள் அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அப்பா ஒரு தடவைதான் தருவாரு. இதையும் குடுத்துட்டு நீ என்ன பண்ணுவ?"

"கொஞ்சம் நடுங்கிக்கிறேன் அண்ணா. அரை மாசம்தானே."

பிறகு கோழியிடம் கூச்சத்தோடு கேட்டாள். "பொரிஞ்சதும் ஒரு குஞ்சை என் கையில தருவியா?"

"மொதக் குஞ்சு உனக்குத்தான்."

கடைக்குட்டி தணல் முழுவதையும் அடுப்பில் கவிழ்த்தாள். தனக்கு மட்டும்தான் குளிரும் என்று நினைத்துவிட்டாள், பாவம். அவள் வெளியே வந்து நடந்த இடமெல்லாம் விறைத்தது. ஆறு அடிவயிறு வரைக்கும் உறைந்தது. விறகோடு திரும்பிய யூலான், அடுப்பில் தணல் கனிவதைக் கண்டு அதன்மேல் சுள்ளிகளைப் போட்டாள். சன்னல் இடுக்கில் வைக்கோலைத் திணித்துக்கொண்டே, "இப்படியொரு பெருங்குளிரா? எவ பெத்த பிள்ளையோ, ஊரையே கொல்லுது" என்று திட்டினாள். சன்னலுக்கு வெளியே நின்ற கடைக்குட்டி அதைக் கேட்டாள். அழவேண்டும் போலிருந்தது. ஆனால் முட்டை பொரிந்ததும் ஒரு குஞ்சு கைக்கு வருமே என்று அழுகையை அடக்கிக்கொண்டாள்.

அவள் ஊரைவிட்டுப் போகவேண்டிய கடைசி நாளில் முட்டைகள் பொரிந்தன. யூலான் வெளியே போன நேரம் பார்த்து அவள் உள்ளே வந்தாள். கோழி சொன்ன சொல் தவறவில்லை. முதல் குஞ்சை மூக்கால் மெல்லத் தள்ளிவிட்டது. அது தத்தித் தத்தி வந்து அவள் உள்ளங்கையில் ஏறிக்கொண்டது. அக்காமார்கள் சொன்னது சரிதான், பஞ்சேதான். அது அவளைப் பார்த்து ஒருமுறை கீச்சென்றது. பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டது.

"தூங்கிருச்சு" என்று அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

கோழி கழுத்தை நீட்டிக் குஞ்சை மூக்கால் தொட்டுப் பார்த்தது. பிறகு, "கீழ வச்சிரு தாயி" என்றது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தன் கைக்குளிரில் விறைத்துப்போன குஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "மத்ததாவது நல்லா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினாள். கோழி உடம்பெல்லாம் சிலிர்த்து, இறக்கையை விரித்து, தொண்டைக்குள் உறுமியது. மிச்சக் குஞ்சுகள் எல்லாம் ஓடி அதன் அடியில் ஒளிந்தன.

"உன்மேல எனக்குக் கோபம் இல்ல. இதுங்க உயிரோட இருக்கறதே உன்னாலதான். ஆனா கிட்ட மட்டும் வராத" என்றது கோழி.

அவள் இரண்டு கைகளையும் சட்டைக் கைகளுக்குள் நுழைத்துக்கொண்டு, கதவைக்கூடத் தொடாமல், திறந்திருந்த வழியாக வெளியேறினாள். மறுநாள் வசந்தப் பிள்ளைகளில் மூத்தவன் வந்தான். யூலான் சிரித்துக்கொண்டே கதவை அகலத் திறந்துவிட்டாள்.

அந்த நாளிலிருந்துதான் அவளுக்குப் பெருங்குளிர் என்ற பெயர் நிலைத்தது. ஊர் நடுங்கும் அந்த அரை மாதத்தில் கோழிகள் துணிந்து அடையில் உட்காருவதும், தீனி போடுகிற கை நீண்டாலும் சிலிர்த்து உறுமுவதும் அன்றைக்குத் தொடங்கியவைதான். அவள் இன்றும் வருஷம் தவறாமல் வருகிறாள். எதையும் தொட்டுவிடக் கூடாதே என்று, கைகளைச் சட்டைக் கைகளுக்குள் மறைத்துக்கொண்டே வருகிறாள். அவளைப் பார்த்துத்தான் அந்த ஊர்க்காரர்களும் அப்படிச் செய்யப் பழகினார்கள். கேட்டால், குளிருக்காக என்பார்கள்.