இரண்டு சவரிமுத்து

மதுரை ஆரப்பாளையத்தில் ஒரு மாடியில் மெகர்நிஷா பாடம் நடத்தி வந்தாள். இணையத்துக்கான மென்பொருளை எழுதி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஊருக்கு விட்டுவிடுகிற கூட்டம் அது. அவளுடைய மூத்த சீடர் சவரிமுத்து. வயதிலும் மூத்தவர்தான். அவர் அவளை ‘டீச்சர்’ என்பார், அவள் அவரை ‘அண்ணே’ என்பாள். அதில் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

முதல் நாள் அவள் சொன்ன பாடம் இது. இணையத்துக்கு வழிகாட்டுகிற ஒரே ஒரு ரவுட்டர் பெட்டியை நம்பினால், அது படுக்கும்போது எல்லாமே படுத்துவிடும். அதனால் இரண்டு வைக்கிறோம். முதலாவது ‘இருக்கேன், இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் கேட்கும்வரை இரண்டாவது வாயைத் திறக்காது. குரல் நின்றால் ஓடிப்போய் அந்த இடத்தில் நிற்கும்.

சவரிமுத்து அந்தப் பாடத்தில் விழுந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

ரவுட்டர்கள் இப்படிப் பேசிக்கொள்ள ஏற்கெனவே ஒரு முறை இருந்தது. அதற்கு ஒரு கம்பெனி உரிமை கொண்டாடியது. “இருக்கேன்னு சொல்றதுக்கு எவன்கிட்ட அனுமதி கேக்கணும்?” என்று கொதித்த சவரிமுத்து, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு புது முறையைத் தானே எழுதினார். அருமையான வேலை. மெகர்நிஷா படித்துவிட்டு அன்றைக்கு எல்லோருக்கும் பிரியாணி போட்டாள்.

ஆனால் இப்படிப்பட்ட ஒவ்வொரு பேச்சுமுறைக்கும் ஓர் எண் வேண்டும். எண்ணை வைத்துத்தான் இது யாருடைய பேச்சு என்று இயந்திரங்களுக்குத் தெரியும். எண் கொடுக்கிற சபை சவரிமுத்துவை இழுத்தடித்தது, கடைசியில் கையை விரித்தது. மனுஷர் பழைய முறையின் எண்ணையே எடுத்துத் தன்னுடையதற்கு வைத்துவிட்டார்.

“அது அவங்க எண்ணாச்சேண்ணே?”

“கேட்டேன், குடுக்கல. எடுத்துக்கிட்டேன்.”



அவர் முறையை நம்பி முதலில் எடுத்துக்கொண்டது ஒரு தர்ம ஆஸ்பத்திரி. பழைய கட்டடத்தில் கம்பெனி முறையில் ஓடும் பழைய பெட்டி, புதுக் கட்டடத்தில் சவரிமுத்துவின் முறையில் ஓடும் பெட்டி. இரண்டும் ஒரே எண்ணில் கூவின. ஒன்றின் பேச்சு மற்றதற்கு உளறலாகக் கேட்டது. அதனால் எதிரே ஆளே இல்லை என்று நினைத்து இரண்டும் முதல் இடத்தில் போய் நின்றன. எதன் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் காலையில் ஆஸ்பத்திரிக் கணினித் திரைகள் எல்லாம் உறைந்துவிட்டன.

தலைமை நர்ஸ் தவமணி போன் செய்தாள். “பழைய பெட்டிய நிறுத்துங்க சிஸ்டர்,” என்றார் சவரிமுத்து. பழைய கட்டடத்துக் கம்பிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, அதை நிறுத்தினால் அங்கே ஒரு திரையும் வராது என்றாள் அவள். விசாரித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

“உங்க பெட்டிய நிறுத்தச் சொல்லலாமேண்ணே?” என்றாள் பக்கத்தில் இருந்த மெகர்நிஷா.

“என்னோடத எடுத்துட்டா அப்புறம் எந்த ஊர்ல வைப்பாங்க டீச்சர்? தப்பு சபையோடது. நான் ஏன் ஒதுங்கணும்? சொல்லுங்க, சரியா இருக்கிறவன் ஏன் ஒதுங்கணும்?”

மெகர்நிஷா சமையலறைக்குப் போனாள்.

மறுபடி மணி அடித்தது. கூடத்தில் சவரிமுத்து எடுத்தார். சமையலறையில் அதே இணைப்பின் இன்னொரு போனை மெகர்நிஷா எடுத்தாள்.

“சவரிமுத்து பேசறேன் சிஸ்டர்,” என்றார் அவர்.

“சவரிமுத்து பேசறேன் சிஸ்டர்,” என்றாள் அவள்.

“டீச்சர்! என்ன விளையாட்டு இது? சிஸ்டர், நான்தான் சவரிமுத்து.”

“அங்க யாரோ உளர்றாங்க. நான் சொல்றதக் கேளுங்க சிஸ்டர்.”

“அது எங்கப்பா எனக்கு வச்ச பேரு!”

“கேட்டா குடுத்திருக்க மாட்டீங்க. எடுத்துக்கிட்டேன்.”

தவமணிக்குப் பொறுமை போய்விட்டது. “என்னய்யா கூத்தடிக்கிறீங்க? இங்க டாக்டர் ரிப்போர்ட் தெரியாம கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. ரெண்டு சவரிமுத்துல யாராவது ஒருத்தர் வாய மூடுங்க!”

சவரிமுத்து வாயைத் திறந்தார். எதிர்ச்சத்தம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. சமையலறையில் மெகர்நிஷா போனைக் காதில் வைத்தபடி சும்மா நின்றாள்.

“ஹலோ, எந்தப் பெட்டிய நிறுத்தணும்? சொல்லுங்க,” என்றாள் தவமணி.



“என் பெட்டிய நிறுத்துங்க சிஸ்டர்,” என்றார் சவரிமுத்து.

சற்று நேரத்தில் போனுக்குள்ளிருந்து ஆட்கள் சந்தோஷமாகக் கத்துவது கேட்டது. திரைகள் வந்துவிட்டன. புதுக் கட்டடத்துக்கும் பழைய பெட்டியே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

மெகர்நிஷா இரண்டு தம்ளரில் டீ கொண்டுவந்து, சீனி தூக்கலானதை அவர் பக்கம் நகர்த்தினாள். சவரிமுத்து தொடவில்லை.

“அவ்வளவு சண்டை போட்டீங்களே டீச்சர். உங்க மேல தப்புன்னு தெரிஞ்சுதானே கடைசியில சும்மா இருந்துட்டீங்க?”

“தப்பு, சரியெல்லாம் நான் பாக்கலண்ணே,” என்றாள் மெகர்நிஷா. “உங்க குரல் கேட்டுச்சு. நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுது.”