ரொசாரி அண்ணாச்சியின் ராட்டர்டாம் சைக்கிள்

பொய் சொல்றவன் முகத்துல ஒரு சின்ன பயமாவது இருக்கும். எங்க ரொசாரி அண்ணாச்சி முகத்துல அது கிடையாது. கப்பல்ல சமையக்காரரா ஊர் ஊரா சுத்திட்டு, ரிட்டயர் ஆகி வந்தவர். அவர் வாயைத் திறந்தா எதிர்ல இருக்கிறவனுக்குத்தான் கூச்சமா இருக்கும்.

எங்க ஊர் பீச் ரோட்டுல சைக்கிளுக்குன்னு தனியா ஒரு பாதை போட்டாங்க. பச்சை பெயிண்ட், ஓரத்துல வெள்ளைக் கோடு, நடுநடுவுல ஒரு சைக்கிள் படம். மறுநாள் காலையில திறப்பு விழா. கவுன்சிலர் ரிப்பன் வெட்டினதும் ஊர்க்காரர் ஒருத்தர் முன்னால சைக்கிள்ல போகணும், மத்தவங்க பின்னால போகணும், போட்டோ எடுக்கணும். அந்த ஒருத்தர் யாருன்னு முடிவு பண்ணத்தான் அன்னைக்குச் சாயந்திரம் நாங்க அஞ்சாறு பேர் அந்தப் பாதைக்கு எதிர்ல இருக்கிற டீக்கடையில கூடினோம்.

கவுன்சிலரோட வலதுகை தங்கப்பழம்தான் பேச்சை ஆரம்பிச்சான். "ஐரின் டீச்சர் பேரைச் சொல்லுதாவ. இந்த ரோட்டுல தினமும் சைக்கிள்ல போறது அவங்க ஒருத்தங்கதான்."

ரொசாரி அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழ வச்சார். "டீச்சரா? வீட்டுலருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துலருந்து வீடு. அதுக்குப் பேரு சைக்கிள் ஓட்டுறதாவே? நாலு நாட்டுல மிதிச்சவன் இங்கன உக்காந்திருக்கேன், என்னை விட்டுட்டு டீச்சரைத் தேடுதிய."

"நாலு நாடா?" உப்பு வியாபாரி பிச்சைக்கனி பெஞ்சுல காலைத் தூக்கி வச்சு உக்காந்தார். அண்ணாச்சி சொல்ற எதையும் அவர் நம்பினதில்லை. ஆனா கேக்காம எந்திரிச்சுப் போனதும் இல்லை.

"ஹாலந்துலருந்து சொல்லுதேன், கேட்டுக்கிடும். ராட்டர்டாம்ல கப்பல் நின்னா நமக்குச் சைக்கிள்தான். அந்த ஊர்ல நாய் கூட நடந்து போறவனைப் பாத்துத்தான் குலைக்கும். சைக்கிள்ல போறவனைப் பாத்து வாலாட்டும். டாக்டரு, ஜட்ஜு, சாமியாரு எல்லாரும் சைக்கிள். இங்க ஒரு தாசில்தார் சைக்கிள்ல ஆபீசுக்குப் போவட்டும் பாப்போம். பாவம், சஸ்பெண்டு ஆயிட்டாரோன்னு வீட்டுக்கே போய் விசாரிப்பிய."

இதை யாரும் மறுக்கலை. தாசில்தார் பேச்சு எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. அதுதான் நாங்க செஞ்ச தப்பு. அண்ணாச்சிக்குக் காத்து ஏறிடுச்சு.

"ஆனா அந்த ஊர்க் காத்து இருக்கே, அதுக்குத் தடுப்பே கிடையாது. மலை இல்ல, மேடு இல்ல. கடல்லருந்து கிளம்புனா நேரா மூஞ்சியில வந்துதான் நிக்கும். நான் கறி வாங்கலாம்னு இறங்கி மிதிக்கேன், மிதிக்கேன், சைக்கிள் பின்னால போவுது. முன்னாடி மிதிச்சே பின்னாடி நாலு ஊரு போயிட்டேன். வழியில பாத்தவன் எல்லாம், ஆளு வாறானா போறானான்னு தெரியாம, எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு வணக்கம் வச்சான்."

"கறி?" பிச்சைக்கனி கேட்டார்.

"பின்னால இருந்த ஊர்லதான் நல்ல கறி கிடைச்சிது."

தங்கப்பழம் வாயைப் பொத்திக்கிட்டான். அண்ணாச்சி அவனை ஒரு பார்வை பாத்தார். "சிரி. உனக்கு என்ன தெரியும்? டென்மார்க் போயிருக்கியா? பனி பெய்ஞ்சா முதல்ல சைக்கிள் பாதையைத்தான் வழிப்பான், அப்புறந்தான் கார் ரோடு. அங்க கை காட்டாமத் திரும்புனா பெரிய குத்தம். நானும் ஒரு முக்குல வலது கையை நீட்டுனேன். குளிருன்னா குளிரு, நீட்டுன கை நீட்டுனபடி விறைச்சுப் போச்சு. மடங்க மாட்டேங்கு. கை நீண்டிருக்கிற வரைக்கும் திரும்பித்தான் ஆவணும், அது சட்டம். வலது பக்கம், மறுபடி வலது பக்கம், மறுபடி வலது பக்கம். ஒரே கட்டடத்தைச் சுத்திக்கிட்டே கிடக்கேன். திரும்பிப் பாத்தா பின்னால தேர் கூட்டம் மாதிரி ஒரு வரிசை. வரிசையில அந்த ஊரு மேயர். 'ஏன் சார், என்னைத் தாண்டிப் போவ வேண்டியதுதான'ன்னு கேட்டேன். 'கை காட்டுன ஆளைத் தாண்டுறது எங்க ஊர்ல மரியாதை இல்ல'ன்னுட்டாரு."

"அப்புறம் எப்படி மடங்குச்சி?" பிச்சைக்கனி கேட்டார்.

"அவரு வீட்டம்மா சுடுதண்ணி கொண்டாந்து ஊத்துனாவ. அது கெடக்கட்டும். நம்மாளு என்ன செய்யுதான்? இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டு வலது பக்கம் திரும்புவான். திரும்பி, வீட்டுக்குப் போயி, சாப்பிட்டுக் கை கழுவுன பெறவும் அது மின்னிக்கிட்டே கெடக்கும். இவனுக்குத் தனிப் பாதை ஒரு கேடு."

டீக்கடைக்காரர் பால் சட்டியை இறக்கி வச்சுட்டு வெளிய வந்து நின்னுட்டார். ரெண்டு வாடிக்கைக்காரங்க டீ கேட்டாங்க, அவர் காதுல விழலை.

"ஜப்பான்ல இன்னொரு கூத்து. யோகோஹாமாவுல சைக்கிளை ஒரு வாசல்ல நிறுத்துனா மிசின் வந்து பூமிக்கு அடியில இழுத்துட்டுப் போயி அடுக்கிடும். நான் கேரியர்ல கட்டியிருந்த மீனை அவுக்கக் குனிஞ்சேன், என்னையும் சேத்து இழுத்துட்டுது. கீழ பாத்தா பீரோல சேலை அடுக்குன மாதிரி சைக்கிளு. ரெண்டு பொம்பளை சைக்கிளுக்கு நடுவுல என்னைச் சொருகி வச்சிட்டுது. சீட்டைத் துடைச்சிது, செயினுக்கு எண்ணெய் விட்டுது, போற போக்குல என் முழங்காலுக்கும் ரெண்டு சொட்டு விட்டுது. அன்னையிலருந்து எனக்கு மூட்டுவலி கிடையாது."

"மீனு?"

"மீனைச் செதிலெடுத்துக் குடுத்துச்சி."

பிச்சைக்கனி துண்டை உதறித் தோள்ல போட்டார். "வே ரொசாரி, நாங்க காதுல பூ வச்சிக்கிட்டா உக்காந்திருக்கோம்?"

"நீரு என்னத்த வச்சிருந்தா எனக்கென்ன? பஸ் ஸ்டாண்டுல ஒரு சைக்கிளை விட்டுட்டுப் போனா, வரும்போது பெடல் இருக்காது. பெடல் இருந்தா சீட்டு இருக்காது. அப்பேர்ப்பட்ட ஊர்க்காரருக்கு மிசின் எண்ணெய் விட்டுச்சின்னா நம்ப முடியாதுதான்."

அடுத்தது சீனா. அந்தக் காலத்து ஷாங்காயில ரோடு முழுக்கச் சைக்கிள் ஆறு மாதிரி ஓடுமாம், நடுவுல நிக்க முடியாதாம். அண்ணாச்சி சிகரெட் வாங்க எதிர்ப் பக்கம் போகலாம்னு சைக்கிளோட உள்ள இறங்கினாராம்.

"இறங்குனதுதான் தெரியும். நிறுத்தவும் முடியல, திரும்பவும் முடியல. உள்ளுக்குள்ளயே ஒருத்தன் டீ விக்கான், ஒருத்தன் சவரம் பண்ணுதான், எல்லாம் மிதிச்சிக்கிட்டே. எனக்கு முன்னால ஒரு கல்யாணம் நடந்துச்சி. மாப்பிள்ளை ஒரு சைக்கிளு, பொண்ணு ஒரு சைக்கிளு. சாட்சிக் கையெழுத்து நாந்தான் போட்டேன். நான் ஒரு வழியா கரை ஒதுங்கும்போது, அவுக பிள்ளை கேரியர்ல உக்காந்து எனக்கு டாட்டா காட்டுது."

"அம்மாடி," டீக்கடைக்காரர் மெதுவா சொன்னார்.

"அதுவரைக்கும் உம்ம கப்பலு?" பிச்சைக்கனி விடலை.

"அங்கனதான் நின்னுச்சி. சமையக்காரன் இல்லாம எங்கவே போவும்?"

பிச்சைக்கனி எங்க பக்கம் திரும்பினார். "இதுல ஒரு வார்த்தை உண்மை கிடையாது." நாங்க எல்லாரும் தலையாட்டினோம். அண்ணாச்சி கூட பெருசா எதுத்துப் பேசலை.

தங்கப்பழம்தான் யோசிச்சுச் சொன்னான். "உண்மையோ பொய்யோ, போட்டோவுக்குக் கீழ 'நாலு நாடுகளில் சைக்கிள் ஓட்டியவர்'னு போட்டா எடுப்பா இருக்கும்லா. டீச்சரை விட்டா என்னத்தப் போட? 'பள்ளிக்கூடம் போறவர்'னா?"

எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன், வெக்கத்தை விட்டுச் சொல்றேன். தங்கப்பழம் கை தூக்கச் சொன்னான், தூக்கினோம். பிச்சைக்கனி கையும் மேலதான் இருந்துச்சு. அண்ணாச்சி நெஞ்சை நிமித்திக்கிட்டு இன்னொரு டீ சொன்னார்.

"அப்ப சரி. அண்ணாச்சி, காலையில உங்க சைக்கிளை நல்லாத் துடைச்சுக் கொண்டாந்துருங்க," தங்கப்பழம் சொன்னான்.

"என் சைக்கிளையா? அது ராட்டர்டாம்லல்லா நிக்கி. நீங்கதான் ஒண்ணு ஏற்பாடு பண்ணணும்."

தங்கப்பழம் பிச்சைக்கனியைப் பாத்தான். பிச்சைக்கனி என்னைப் பாத்தார். என் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில டயர் இல்லாம நிக்குது, அதுல ஈரத்துணி காயப்போடுவாங்க. டீக்கடைக்காரர் பால் சட்டிகிட்ட திரும்பிப் போயிட்டார். திறப்பு விழாவுக்கு ஆள் கிடைச்சாச்சு. எங்க இத்தனை பேர்ல ஒருத்தன்கிட்டயும் ஓடுற சைக்கிள் இல்லை.

அந்த நேரம் பாத்து எதிர்ல பெல் சத்தம். ஐரின் டீச்சர் பள்ளிக்கூடத்துலருந்து வந்துக்கிட்டிருந்தாங்க. புதுப் பாதையில வந்து, எங்களுக்கு நேரா ஒரு காலை ஊனி நின்னுட்டாங்க.

ரொசாரி அண்ணாச்சி எந்திரிச்சுப் போனார். நாங்களும் பின்னால போனோம். "வாங்க டீச்சர். இப்பத்தான் உங்களைப் பத்தி உயர்வாப் பேசிக்கிட்டிருந்தோம். நாளைக்குக் காலையில உங்க சைக்கிள் கொஞ்ச நேரம் வேணும். ஊர்க் காரியம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். நாந்தான் முன்னால ஓட்டுதேன். எல்லாருமாச் சேந்து முடிவு பண்ணிட்டாவ."

டீச்சர் எங்க ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பாத்தாங்க. நான் கடல் பக்கம் பாத்துக்கிட்டேன். அவங்க கோபப்படலை. "காலையில எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. சைக்கிளைக் குடுத்துட்டு நான் எதுல போவேன்?"

சும்மா இருந்தா தோத்த மாதிரி ஆயிடும்னு அண்ணாச்சிக்குத் தோணியிருக்கணும்.

"உங்க மேல மரியாதை இல்லாமக் கேக்கல டீச்சர். சைக்கிள்ல வாற பொம்பளைக்கு என்ன மரியாதை குடுக்கணும்னு ஹாலந்துல கத்துக்கிட்டவன் நான். ஒரு மந்திரி, டீச்சர், உங்களை மாதிரி ஒரு அம்மா சைக்கிள்ல வாறதைப் பாத்துட்டு காரைத் தூக்கித் தலையில வச்சிக்கிட்டு ஓரமா ஒதுங்கி நின்னாரு. கார் நிழலு கூட அந்தப் பாதையில விழக்கூடாதாம். பாரம் தாங்காம அவருக்குக் கழுத்து சாஞ்சப்ப ஒரு பக்கம் பிடிச்சது நாந்தான்."

டீச்சர் முழுசும் பொறுமையாக் கேட்டாங்க. அப்புறம் அவங்க பார்வை பாதையில முன்னால போச்சு. பச்சைப் பாதைக்குக் குறுக்க எங்க மோட்டார் சைக்கிள் எல்லாம் வரிசையா நின்னுச்சு. முதல் வண்டி அண்ணாச்சியோடது. அதோட ஸ்டாண்டு சரியாக் காயாத பெயிண்ட்டுல, சைக்கிள் படத்து மேல, நல்லா இறங்கியிருந்துச்சு.

"மந்திரி வரைக்கும் வேண்டாம் அண்ணாச்சி," டீச்சர் சொன்னாங்க. "நீங்க அந்த வண்டியை எடுங்க. நான் போணும்."